மோட்டார் கேள்வி பதில்: எட்டுத் தலைமுறைகள் கண்ட கார்வெட்

சென்ற இதழில் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வந்த சிறு குறிப்பில், செவர்லே நிறுவனத்தின் கார்வெட் 1953இல் பிறந்து இன்று எட்டாவது தலைமுறையில் நிற்கிறது என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு காருக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களில் பெரும்பாலானவை காரின் தோற்றத்தைப் பற்றியே கேட்கின்றன. அழகான கார்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கார்வெட்டின் உண்மையான வரலாறு அதன் மேனியில் இல்லை, அடியில் இருக்கிறது. சட்டகம் எப்படி மாறியது, சக்கரங்களைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் சஸ்பென்ஷன் எப்படி மாறியது, எஞ்சினின் எடை எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பவற்றைத் தொடர்ந்து பார்த்தால்தான் இந்தக் கார் ஏன் பிழைத்தது என்பது விளங்கும். அதனால் தோற்றத்தைக் கேட்டவர்களுக்கும் சற்று அடியில் குனிந்து பார்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, முதல் கார்வெட்டின் உடலை இரும்புத் தகட்டில் செய்யாமல் கண்ணாடியிழையில் செய்தது ஏன்? தொடக்கத்தில் அது விற்கவே இல்லை என்கிறார்களே, பிறகு எப்படி நிலைத்தது?
— பொறியியல் மாணவர், காரைக்குடி

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர், அங்கே பார்த்த எம்ஜி, ஜாகுவார் போன்ற திறந்த இரு இருக்கைக் கார்களின் மீது ஆசை கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த ஆசைக்கு ஓர் அமெரிக்க விடை வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் எண்ணியதன் விளைவுதான், 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த மோட்டோரமா கண்காட்சியில் வைக்கப்பட்ட வெள்ளைக் கார். மக்கள் காட்டிய வரவேற்பைப் பார்த்த நிறுவனம் அதைத் தயாரிப்புக்கே கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் முதல் கார் வெளிவந்தது.

கண்காட்சிக்கும் தயாரிப்புக்கும் நடுவே ஆறு மாதம்கூட இல்லை என்பதில் உங்கள் கேள்வியின் விடை இருக்கிறது. எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்குவதற்கான அச்சுகளைச் செய்ய நீண்ட காலமும் பெரும் பணமும் தேவைப்படும். சில நூறு கார்களுக்காக அந்தச் செலவைச் செய்ய எந்த நிறுவனமும் துணியாது. கண்ணாடியிழை விரிப்பை அச்சின் மீது பரப்பி ரெசினில் தோய்த்து இறுகவிட்டால் உடல் உருவாகிவிடும். அச்சும் மலிவு, வளைவுகளையும் விரும்பியபடி எடுக்கலாம். அவசரத்துக்காகத் தேர்ந்தெடுத்த அந்தப் பொருள் பின்னர் கார்வெட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்றுவரை இழை கலந்த செயற்கைப் பொருள்களால்தான் அதன் வெளிப்பலகைகள் செய்யப்படுகின்றன.

1953இல் கையால் பொருத்தப்பட்டவை 300 கார்கள். அனைத்தும் வெள்ளை நிறம், சிவப்பு உட்புறம். பார்ப்பதற்கு வேகமாக இருந்த அந்தக் காரின் உள்ளே குடும்பக் கார்களில் இருந்த 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத்தான் சற்றே கூர்மையாக்கி வைத்திருந்தார்கள். 150 குதிரைத்திறன், அதனுடன் இரண்டே வேகங்கள் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ். கதவுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று வந்தவருக்கு அதில் கியர் மாற்றும் இன்பம் இல்லை. சொகுசு வேண்டும் என்று வந்தவருக்கு மழையில் நனையாமல் போக வழியில்லை. 1954இல் தயாரிப்பை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸுக்கு மாற்றி 3,640 கார்களைச் செய்தார்கள். அவற்றில் கணிசமானவை விற்காமல் தேங்கின. 1955இல் தயாரானவை வெறும் 700. அந்த நிலையில் காரை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு நிறுவனத்துக்குள்ளேயே எழுந்ததில் வியப்பில்லை.

காப்பாற்றியவை மூன்று. முதலாவது போட்டி: ஃபோர்டு நிறுவனம் 1955க்குக் கொண்டுவந்த தண்டர்பேர்டு முதல் ஆண்டிலேயே 16,000க்கும் மேல் விற்றது, அதற்குப் பின்வாங்கி ஓடியதாகப் பெயர் வாங்க செவர்லே விரும்பவில்லை. இரண்டாவது, 1955இல் வந்த 4.3 லிட்டர் வி8 எஞ்சின், அதாவது எட்டு சிலிண்டர்களை வி வடிவில் இரு வரிசையாக வைத்தது. கைக்கு அடக்கமானது, எடை குறைவானது, 195 குதிரைத்திறன் தந்தது. மூன்றாவது ஒரு மனிதர். பிரஸ்ஸல்ஸில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து ஐரோப்பாவில் பொறியியல் கற்ற சோரா ஆர்கஸ் டன்டோவ், மோட்டோரமாவில் அந்தக் காரைப் பார்த்து, இவ்வளவு அழகான உடலுக்குள் இவ்வளவு சாதாரணமான இயந்திரமா என்று வருந்தி, செவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதி, 1953 மே மாதத்தில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த ஆண்டின் முடிவிலேயே, வேகத்தை விரும்பும் இளைஞர்கள் அனைவரும் ஃபோர்டு பக்கம் போகிறார்கள், அவர்களை ஈர்க்கும் பாகங்களை நாம் தயாரித்துத் தர வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். 1957இல் 4.6 லிட்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பொருத்தி 283 குதிரைத்திறன் எடுத்ததும், நான்கு வேகக் கியர்பாக்ஸ் வந்ததும் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். 1960இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கார்வெட் தன் பிரிவில் வென்றது. பந்தயத்தில் ஓடவே தகுதியற்றது என்று கருதப்பட்ட கார் ஏழே ஆண்டுகளில் அடைந்த இடம் அது.

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கும் என் பேரன் ஒரு பழைய நீலக் காரின் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். காரின் பின்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இது எந்த ஆண்டுக் கார், இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று எழுதுங்கள் தம்பி.
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 1963ஆம் ஆண்டின் ஸ்டிங் ரே கூபே, அதாவது மூடிய கூரை கொண்ட இரண்டாம் தலைமுறைக் கார்வெட். ஐயத்துக்கே இடமில்லை. ஏனென்றால் அந்தப் பிரிந்த கண்ணாடி அந்த ஓராண்டு மட்டுமே வந்தது. ஏர்லுக்குப் பின் வடிவமைப்புத் தலைவரான பில் மிட்செல் அந்தப் பட்டை இல்லாவிட்டால் காரின் அழகே போய்விடும் என்றார். பின்னால் வரும் வண்டி தெரியவில்லையே என்று டன்டோவ் எதிர்த்தார். இருவரும் விட்டுக்கொடுக்கிறவர்கள் அல்லர். முதல் ஆண்டில் மிட்செல் வென்றார், 1964இல் பட்டை எடுக்கப்பட்டு ஒரே கண்ணாடி ஆனது. அபூர்வமாக இருப்பதால் இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். பிரிந்த கண்ணாடியைத் தாங்க முடியாமல் அக்காலத்தில் சில உரிமையாளர்கள் அதை வெட்டியெடுத்து, அடுத்த ஆண்டின் ஒற்றைக் கண்ணாடியை மாற்றிக்கொண்டதும் உண்டு.

ஆனால், பேரனிடம் அடுத்த முறை பேசும்போது காரின் பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காரின் பெருமை என் மதிப்பீட்டில் அங்கேதான் இருக்கிறது. அதுவரை இருந்த கார்வெட்டுகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே கெட்டியான ஆக்ஸிலில் மாட்டப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும், வளைவில் டயரின் பிடி குறையும். 1963இல் டன்டோவின் குழு பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்தது. அதற்குக் காயில் ஸ்பிரிங் வைக்க இடமும் பணமும் போதாததால், லாரிகளில் நீளவாக்கில் இருக்கும் லீஃப் ஸ்பிரிங்கைக் குறுக்கே திருப்பி, நடுவில், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் அடியில் பிணைத்து, இரு முனைகளையும் இரு சக்கரங்களுக்குக் கொடுத்தார்கள். மிக எளிய தீர்வு. எளியது என்பதாலேயே வடிவம் எத்தனை முறை மாறினாலும் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் என்னும் அந்த ஏற்பாடு 2019 வரை, ஏழாம் தலைமுறையின் முடிவு வரை, கார்வெட்டின் அடியில் இருந்தது. 1965இல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. அதே ஆண்டில் 425 குதிரைத்திறன் கொண்ட பெரிய எஞ்சினும் வந்தது. பிரேக் முதலில் தயாராக இருந்தது நல்லதுதான்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவன். 1970இல் 300 குதிரைத்திறன் இருந்த அடிப்படை கார்வெட் 1975இல் 165க்கு இறங்கிவிட்டது என்று படித்தேன். ஐந்து ஆண்டுகளில் எஞ்சின் பாதியாகிவிடுமா? 5.7 லிட்டர் எஞ்சினில் 165 என்பது நம்ப முடியவில்லை.
— மெக்கானிக், தேவகோட்டை

பதில்: எண்கள் இரண்டும் சரியானவை. ஆனால் இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் எழுதிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது.

1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைக் காரிலிருந்து கழற்றி, ஏர் கிளீனர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல், தடையற்ற சைலன்சர் குழாயுடன் சோதனை மேடையில் ஓட்டி, அங்கே கிடைத்த உச்ச எண்ணை விளம்பரம் செய்தன. 1972 முதல் காரில் இருக்கும்போது என்னென்ன மாட்டப்பட்டிருக்குமோ அவை அனைத்தும் மாட்டிய நிலையில் அளக்கும் முறை வந்தது. 1971இல் 270 என்று சொல்லப்பட்ட அதே அடிப்படை எஞ்சின் 1972இல் 200 ஆனது இந்த அளவு மாற்றத்தால்தான். பட்டறை நடத்தும் உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: தனியே கழற்றிய எஞ்சின் தருவது ஒன்று, காரில் மாட்டிய எஞ்சின் தருவது வேறு.

மீதி இறக்கம் உண்மையானது. 1970இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம் புகையின் அளவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு ஏற்ப 1971இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தது. 1975இல் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தபோது இரட்டைச் சைலன்சர் வழியை ஒரே கன்வெர்ட்டர் வழியாகத் திருப்ப நேர்ந்தது. கார்புரேட்டரின் கலவையைப் புகைக்காக மெலிதாக்கி, தீப்பொறி எழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி ஓட்டினால் அந்த எஞ்சின் எப்படி மூச்சுத் திணறும் என்பதை நீங்களே அறிவீர்கள். அக்கால எஞ்சின்களில் ஒவ்வொரு நொடியும் கலவையைச் சரிசெய்யும் கணினி இல்லை. பிற்காலத்தில் ஆக்சிஜன் சென்சாரும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனும் வந்த பிறகு, புகையையும் குறைத்து வலிமையையும் கூட்ட முடிந்தது. ஆகவே சட்டத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் முதலில் வந்தது, அதற்கான தொழில்நுட்பம் பத்தாண்டு கழித்து வந்தது.

இதன் நடுவே 1973இல் எண்ணெய் நெருக்கடி, அடுத்த ஆண்டு நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு, மோதலைத் தாங்கும் பம்பர் விதிகள் என்று அடுத்தடுத்து வந்தன. அழகான குரோம் பம்பர் முன்னே 1973இலும் பின்னே 1974இலும் போய், அவற்றின் இடத்தில் உடலின் நிறத்திலேயே மென்மையான மூக்கும் வாலும் வந்தன. 1975க்குப் பிறகு திறந்த மேற்கூரை வகை நிறுத்தப்பட்டு 1986இல்தான் திரும்பியது. டன்டோவ் 1975 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். டேவ் மெக்லெல்லன் பொறுப்பேற்றார். இவ்வளவு மெலிந்த நிலையிலும் கார்வெட்டின் வரலாற்றிலேயே மிக அதிகமாகத் தயாரான ஆண்டு 1979தான்: 53,807 கார்கள். மற்ற அமெரிக்க வேகக் கார்கள் பலவும் அந்தக் காலத்தில் நின்றுபோயின அல்லது அடையாளம் இழந்தன. தாழ்ந்த முகமும் திரண்ட தோளுமாய் நின்ற கார்வெட்டுக்கு மாற்றாக வாங்க வேறு உள்நாட்டுக் கார் இல்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் அதன் தோற்றமே அதைக் காப்பாற்றியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: கண்ணாடியிழை உடல் துருப்பிடிக்காது. அப்படியானால் பழைய கார்வெட்டுகள் என்றைக்கும் கெடாமல் இருக்க வேண்டுமே?
— கல்லூரி மாணவி, அரியக்குடி

பதில்: உடல் துருப்பிடிக்காது, உடலைத் தாங்கும் எஃகு துருப்பிடிக்கும். முதல் மூன்று தலைமுறைகளிலும் அடியில் இருப்பது எஃகுச் சட்டகம். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் முன்கண்ணாடியையும் கதவுத் தூண்களையும் சுற்றி ஓர் எஃகுக் கூண்டும் உண்டு. வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புநீர் சட்டகத்தின் பெட்டி போன்ற பகுதிகளுக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். முன்கண்ணாடியின் ஓரத்தில் கசியும் நீர் கூண்டை அரிக்கும். வெளியே பளபளக்கும் இழை உடல் அத்தனையையும் மறைத்துவிடுவதால், பழைய கார்வெட் வாங்குகிறவர்கள் முதலில் காரைத் தூக்கி அடியைப் பார்க்கிறார்கள். துரு எப்படித் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பதை அறிய நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், நாம் சிக்ரி என்று சொல்லும் நிலையத்தில், உலோக அரிப்பு ஒரு முதன்மை ஆய்வுத் துறை. வள்ளல் அழகப்பர் தந்த நிலத்தில் எழுந்த அந்த நிலையம் திறக்கப்பட்டதும் 1953 ஜனவரியில்தான், கார்வெட் கண்காட்சிக்கு வந்த அதே மாதம். அரிப்பில் ஆர்வம் இருந்தால் அத்துறையில் மேற்படிப்பைப் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: 1983ஆம் ஆண்டுக் கார்வெட் என்று ஒன்று கிடையாது என்பது உண்மையா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: விற்பனைக்கு வரவில்லை என்பது உண்மை. நான்காம் தலைமுறைக்கான புதிய காரைத் தரம் குறையாமல் தயாரிக்கக் காலம் பிடித்ததால், அதை 1983 மார்ச்சில் நேராக 1984ஆம் ஆண்டு மாதிரியாகவே வெளியிட்டார்கள். சோதனைக்காக 43 கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

கேள்வி: ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் எல்லாம் சிலிண்டர் தலையில் கேம் ஷாஃப்டை வைத்துவிட்ட பிறகும், கார்வெட் மட்டும் புஷ் ராடு எஞ்சினை விடாமல் வைத்திருப்பது பிடிவாதம் அல்லவா? பழைய தொழில்நுட்பத்தை விலைக்காக விற்கிறார்களா?
— இயந்திரவியல் ஆசிரியை, பள்ளத்தூர்

பதில்: விலை ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இடம். வி8 எஞ்சினில் இரு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒன்றை மட்டும் வைத்து, புஷ் ராடுகள் என்னும் நீண்ட கம்பிகளால் வால்வுகளைத் திறந்தால், சிலிண்டர் தலைகள் சிறியவையாகவே இருக்கும். தலையில் இரண்டிரண்டாக நான்கு கேம் ஷாஃப்டுகளை வைத்தால் எஞ்சின் அகலமாகும், உயரமாகும், எடையும் மேலே ஏறும். ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் தாழ்வாக உட்கார்ந்தால் பானெட்டைத் தாழ்த்தலாம், காரின் மொத்த எடை மையமும் தாழும், வளைவில் சாய்வு குறையும். லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் புஷ் ராடு எஞ்சின் தோற்கும். எஞ்சினின் கிலோவுக்கும் அது அடைக்கும் இடத்துக்கும் எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் பல வேளைகளில் வெல்லும். பொறியாளர் கவலைப்பட வேண்டியது இரண்டாவது கணக்கைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

இதற்கு கார்வெட்டின் வரலாற்றுக்குள்ளேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1990இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் வடிவமைத்து, படகு எஞ்சின்கள் செய்யும் மெர்க்குரி மரைன் நிறுவனம் ஓக்லஹோமாவில் தயாரித்த, நான்கு கேம் ஷாஃப்டும் 32 வால்வுகளும் கொண்ட எஞ்சினுடன் இசட்ஆர்1 வந்தது. முதலில் 375, பின்னர் 1993இல் 405 குதிரைத்திறன். அற்புதமான எஞ்சின்; விலையும் அதற்கேற்ற உயரத்தில் இருந்தது. 1995உடன் அது நின்றது. ஏழாண்டு கழித்து, 2002ஆம் ஆண்டின் இசட்06 வகையில், அலுமினியத்தால் ஆன சாதாரணப் புஷ் ராடு எஞ்சின் அதே 405 குதிரைத்திறனைத் தந்தது. காரும் எடை குறைவு, விலையும் குறைவு. பழைய அமைப்பில் காற்றுச் செல்லும் வழிகளை மட்டும் அக்கறையாகத் திருத்தியதால் கிடைத்த பலன் அது.

அதற்காகப் புஷ் ராடுதான் என்றைக்கும் சரி என்று சொல்ல வரவில்லை. எஞ்சினை மிக வேகமாகச் சுழற்ற வேண்டுமானால் புஷ் ராடுகளின் எடையே தடையாகும். 2023ஆம் ஆண்டின் இசட்06 வகைக்கு நிமிடத்துக்கு 8,400 சுழற்சியில் 670 குதிரைத்திறன் தரும் 5.5 லிட்டர் எஞ்சினைச் செய்தபோது, செவர்லே தயங்காமல் கேம் ஷாஃப்டுகளைத் தலையில் ஏற்றியது. தேவை மாறும்போது அமைப்பை மாற்றுகிறார்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஃபெராரியும் லம்போர்கினியும் 1960களிலேயே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டன. கார்வெட் அதைச் செய்ய 2019 வரை காத்திருந்தது ஏன்? எஞ்சின் எங்கே இருந்தால் என்ன, அதனால் ஓட்டுகிறவருக்கு என்ன வேறுபாடு?
— வாசகர், புதுவயல்

பதில்: மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பது தெரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். அச்சுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு மூட்டை என்பதை வண்டிக்காரர் பார்த்துப் பார்த்து அடுக்குவார். காரிலும் அதே கணக்குத்தான். பின்சக்கரங்களால் தள்ளப்படும் காரில் அந்தச் சக்கரங்களின் மீது போதிய பாரம் இல்லாவிட்டால், எவ்வளவு வலிமை கொடுத்தாலும் டயர் வழுக்கிச் சுழலுமே தவிரக் கார் முன்னேறாது. முன்னால் கனமான எஞ்சின் இருந்தால் வளைவில் மூக்குத் திரும்ப மறுக்கும்.

கார்வெட்டின் பொறியாளர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். டன்டோவ் 1960இலேயே எஞ்சினைப் பின்னால் வைத்த சோதனைக் கார் ஒன்றைச் செய்து காட்டினார்; 1964இல் இன்னொன்று; 1970இல் மற்றொன்று கண்காட்சிக்கே வந்தது. ஒவ்வொரு முறையும் மேலிடம் செலவைக் காரணம் காட்டியது. முன்னால் எஞ்சின் உள்ள கார் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போது, அதற்காக முற்றிலும் புதிய கியர்பாக்ஸ், புதிய சட்டகம், புதிய தொழிற்சாலை அமைப்பு என்று பணம் போட வேண்டுமா என்ற கேள்விக்கு டன்டோவால் விடை சொல்ல முடியவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் விரும்பிய அந்தக் கார் வரவில்லை. 1996இல் அவர் காலமானார்.

ஆனால் மேலிடம் மறுத்த காலத்திலும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. இந்த நகர்வைத்தான் கார்வெட்டின் முழு வரலாறாகப் பார்க்கிறேன். 1963இல் இருக்கைகளையும் எஞ்சினையும் பின்னே தள்ளினார்கள். 1984இல் எஞ்சினை முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் ஆழமாக வைத்தார்கள். அந்தக் காலத்தில் எஃகு லீஃப் ஸ்பிரிங்கின் இடத்துக்கு, அதன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையே உள்ள கண்ணாடியிழை ஸ்பிரிங்கும் வந்துவிட்டது. 1953இல் மேனிக்குப் பயன்பட்ட பொருள் முப்பதாண்டில் எலும்புக்குள் இறங்கியது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பெரிய பாய்ச்சல் 1997இல் ஐந்தாம் தலைமுறையில் நிகழ்ந்தது. வெளித் தோற்றத்தை வைத்துப் பார்ப்பவர்கள் இந்தத் தலைமுறையை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ 1963க்கு அடுத்து முக்கியமான கார் இதுதான். எஞ்சினோடு ஒட்டியிருந்த கியர்பாக்ஸைக் கழற்றிப் பின்சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோனார்கள். இரண்டையும் ஒரு நீண்ட குழாய் இணைத்தது. அந்த ஒரு மாற்றத்தில் முன்பாரமும் பின்பாரமும் ஏறக்குறைய சமமாயின. சட்டகத்தின் இரு நீண்ட பக்க உத்திரங்களையும், எஃகுக் குழாயை அச்சுக்குள் வைத்து உள்ளே மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தி வடிவமெடுக்கும் முறையில் ஒரே துண்டாகச் செய்தார்கள். பழைய சட்டகங்களில் துண்டு துண்டாக வெல்டு வைத்த இடங்களில் ஏற்பட்ட நடுக்கமும் கிறீச்சொலியும் பெரும்பாலும் நீங்கின. தளத்தில் இரு இழைப் பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்தார்கள். மரத்தின் அருமை தெரிந்த செட்டிநாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: மிக இலேசான அந்த மரம் அதிர்வையும் ஒலியையும் அடக்கியது, அதே எடையில் வேறு செயற்கைப் பொருள் அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை.

ஆறாம் தலைமுறை 2005இலும் ஏழாம் தலைமுறை 2014இலும் வந்தன. இவை 1997இன் அடித்தளத்தைச் செப்பனிட்டவையே. 2019ஆம் ஆண்டின் இசட்ஆர்1 வகையில் 755 குதிரைத்திறன் வரை போனபோது, முன்னால் எஞ்சின் வைத்த அமைப்பில் பின்டயர்கள் தாங்கக்கூடிய எல்லை வந்துவிட்டது. இனி எஞ்சினின் வலிமையைக் கூட்டுவதால் பயனில்லை, பாரத்தைத்தான் நகர்த்த வேண்டும் என்ற நிலையில் தலைமைப் பொறியாளர் டாட்ஜ் யூக்டரின் குழுவுக்கு அனுமதி கிடைத்தது. 2019 ஜூலை 18 அன்று அறிமுகமான எட்டாம் தலைமுறையில் 6.2 லிட்டர் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அடிப்படை விலையை 60,000 டாலருக்குள் நிறுத்தியதுதான் அதைவிடக் கடினமான சாதனை. அதே அமைப்புள்ள ஐரோப்பியக் கார்கள் பலவற்றின் விலை அதற்குப் பன்மடங்கு. ஒரு வருத்தம் உண்டு: கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் வகை இந்தத் தலைமுறையில் இல்லை, எட்டு வேக இரட்டைக் கிளட்ச் தானியங்கி மட்டுமே. வேகத்தில் இழப்பில்லை என்றாலும், ஓட்டுவதை விரும்பிச் செய்கிறவர்களுக்கு அது இழப்புத்தான். இதே உடலில் முன்சக்கரங்களுக்கு மின்மோட்டார் சேர்த்த இ-ரே வகை 2024க்கும், இரட்டை டர்போவுடன் 1,064 குதிரைத்திறன் தரும் இசட்ஆர்1 2025க்கும் வந்துள்ளன. முன்னால் எஞ்சின் இருந்திருந்தால் இந்த இரண்டாவது எண்ணைச் சாலைக்குக் கடத்தவே முடியாது.

கேள்வி: இந்தியாவில் கார்வெட் வாங்க முடியுமா? நம் ஊர் வேகத்தடைகளில் அது ஏறுமா?
— வாசகர், குன்றக்குடி

பதில்: செவர்லே இங்கே கடை நடத்திய காலத்திலும் கார்வெட்டை அதிகாரபூர்வமாக விற்கவில்லை, 2017 முடிவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையையே நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறையில்தான் முதன்முறையாகத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்குடன் கார்வெட் செய்யத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு அது போகிறது. வேகத்தடையைப் பொறுத்தவரை, பட்டனை அழுத்தினால் காரின் மூக்கை உயர்த்தும் வசதியைக் கூடுதல் விலைக்குத் தருகிறார்கள். ஓரிடத்தில் ஒருமுறை உயர்த்தினால் அந்த இடத்தை ஜிபிஎஸ் வழியே நினைவில் வைத்து அடுத்த முறை தானே உயர்த்தும். 1,000 இடங்கள் வரை நினைவில் கொள்ளும்.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த கோடையில் மகள் வீட்டுக்கு நாஷ்வில் போகிறோம். கார்வெட் அருங்காட்சியகம் பக்கத்தில் இருப்பதாக மகள் சொல்கிறாள். போனால் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, கண்டனூர்

பதில்: நாஷ்வில்லிலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகரம். 1981 முதல் கார்வெட் அங்கேதான் தயாராகிறது. 1994இல் தொழிற்சாலைக்கு அருகிலேயே தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். கோட்டையூர் வாசகருக்குச் சொன்ன அந்த ஒரே 1983ஆம் ஆண்டு வெள்ளைக் கார் அங்கே இருக்கிறது. டன்டோவின் அஸ்தியும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அதிகாலையில் அருங்காட்சியகத்தின் தரை திடீரென்று உள்வாங்கி எட்டுக் கார்கள் பள்ளத்தில் விழுந்தன. அது சுண்ணாம்புக்கல் கரைந்து குகைகள் உண்டாகும் நிலப்பகுதி. அவற்றில் மூன்றைச் சீராக்கினார்கள், ஐந்தை நசுங்கிய நிலையிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சீராக்கப்பட்ட மூன்றில் ஒன்று, 1992 ஜூலையில் வெளிவந்த பத்து லட்சமாவது கார்வெட். முதல் காரைப் போலவே அதுவும் வெள்ளை நிறம், சிவப்பு உட்புறம்.

நசுங்கிய கார்களின் முன்னால் கூட்டம் அதிகமாக இருக்கும், ஆனாலும் அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். இழைப் பலகைகள் உடைந்து சிதறிய இடங்களில், வேறெங்கும் காணக் கிடைக்காத உள் சட்டகம் வெளியே தெரியும். எஃகு எங்கே வளைந்தது, இழை எங்கே கிழிந்தது, எந்தப் பகுதி அவ்வளவு பாறைகளின் கீழும் வடிவம் மாறாமல் நின்றது என்று உங்கள் வீட்டுக்காரரோடு நிதானமாகப் பாருங்கள். எஞ்சின்களையும் சட்டகங்களையும் தனியே கழற்றி வைத்திருந்தால், 1963இன் பின்சஸ்பென்ஷனையும் 1997இன் சட்டகத்தையும் விட்டுவிடாதீர்கள். அரைநாளில் முடித்துவிடலாம் என்று மகள் சொன்னால் கேட்காதீர்கள். காலையிலேயே கிளம்பி ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.